பஸ்ஸில் செல்லாத காசு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாத இரவு. கடை பூட்டும் நேரம். அன்றைய கணக்கை முடித்து, டில்லில் இருந்த காசை எண்ணிக் கட்டிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். குனிந்தபடி ஒரு பெடியன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, ஒரு டொப்-அப் பண்ண ஏலுமோ?"

ஒரு கையில் ஒய்ஸ்டர் கார்ட். மற்றக் கையில் சில்லறை. ஐந்து பவுண்ட்ஸ் வரும்.

"கணக்கு முடிச்சிட்டன் தம்பி. நாளைக்கு வாரும்."

"பஸ்ஸில காசு எடுக்க மாட்டினம் அண்ணை."

"ஓம், தெரியும். மிஷின் நிப்பாட்டியாச்சு. ஒண்டும் செய்யேலாது."

"சரி அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நானும் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்குப் போனேன். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தான். இந்த முறை நேரத்துக்கே வந்து பத்து பவுண்ட்ஸ் போட்டான். கதை கொடுத்துப் பார்த்தேன். படிக்க வந்த பெடியன். ஒரு சாப்பாட்டுக் கடையில் பின்னேரங்களில் கோப்பை கழுவுகிறான். சம்பளம் கிழமைக்கொருக்கா கையில் காசு. வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை. இருக்கும் அறைக்கு அவன் பெயரில் ஒரு கடிதமும் வருவதில்லை, முகவரிக்கு ஆதாரம் இல்லாமல் வங்கியில் எடுக்கமாட்டார்கள். அன்றைக்கு எப்படி வீட்டுக்குப் போனாய் என்று கேட்டேன்.

"பரவாயில்லை அண்ணை, நடந்திட்டன்."

அவன் இருப்பது டகன்ஹாமில். என் கடையிலிருந்து ஐந்து மைலுக்குக் குறையாது. ஜனவரி இரவில், வேலை செய்து களைத்த காலோடு, சட்டைப்பையில் ஐந்து பவுண்ட்ஸ் சில்லறையோடு அவன் நடந்திருக்கிறான். அன்றைய பஸ் கட்டணம் 1 பவுண்ட் 75 பென்ஸ்.

எனக்கு இன்றும் உறுத்துவது மிஷினை நிறுத்தியது அல்ல. எதிர்ப்பக்கமாகப் பதினைந்து நிமிடம் நடந்தால் ரயில் நிலையம் இருக்கிறது, அங்கே உள்ள மிஷினில் காசு போட்டு டொப்-அப் செய்யலாம். அதைச் சொல்லக்கூட எனக்கு வாயில் வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்து கொஞ்சக் காலமான ஒருவனுக்கு அது தெரிந்திருக்காது என்ற நினைப்பும் வரவில்லை. எனக்குக் கார் இருந்தது, குளிர் இருந்தது, வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் காசு, கார்ட் விஷயத்தை ஒழுங்காக யோசிக்கத் தொடங்கினேன்.

ஏன் நிறுத்தினார்கள்?

நான் லண்டனுக்கு வந்தது 1996 இல். அப்போது நகரத்தின் நடுப்பகுதியில் பின்பக்கம் திறந்த பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் ஓடின. கொண்டக்டர் இருப்பார். இடுப்பில் மிஷினைக் கட்டிக்கொண்டு இருக்கைக்கு இருக்கை வந்து காசு வாங்கி டிக்கெட் தருவார். யாழ்ப்பாணத்தில் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன எனக்கு இந்த ஊரில் முதலில் பழகிய முகமாகத் தெரிந்தது அந்தக் கொண்டக்டர்தான். ஊர்க் கொண்டக்டர் மிச்சக் காசை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார், அல்லது "பிறகு தாறன்" என்பார். இங்குள்ளவர் பென்ஸ் கணக்காக எண்ணித் தருவார். வித்தியாசம் அவ்வளவுதான்.

2003 இல் ஒய்ஸ்டர் கார்ட் வந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் கார்ட். காசைப் போட்டு வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறும்போது தொட்டுவிட்டுப் போகலாம். 2005 டிசம்பரில் வழக்கமான சேவையில் ஓடிய கடைசி ரூட்மாஸ்டரும் நின்றது. 2012 டிசம்பரில் வங்கி அட்டையைத் தொட்டுப் பஸ்ஸில் ஏறும் வசதி வந்தது. 2014 ஜூலை 6 ஆம் திகதியிலிருந்து லண்டன் பஸ்களில் காசு வாங்குவதை முற்றாக நிறுத்தினார்கள்.

அப்போது டி.எஃப்.எல். சொன்ன காரணங்கள் பொய்யல்ல. 2000 ஆம் ஆண்டில் பஸ் பயணங்களில் நான்கில் ஒன்று காசில் நடந்தது. 2014 க்கு வரும்போது அது நூற்றில் ஒன்று அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த ஒன்றுக்காகக் காசு எண்ணுவது, பெட்டியில் ஏற்றி இறக்குவது, பாதுகாப்பது என்று எல்லாச் செலவையும் சுமக்க வேண்டியிருந்தது. நிறுத்தினால் ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம் பவுண்ட்ஸ் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள்.

பஸ்ஸில் பயணம் செய்தவனுக்குக் கணக்குத் தேவையில்லை. காலை எட்டு மணிக்கு ஒருவர் இருபது பவுண்ட்ஸ் தாளை நீட்டுவார். சாரதியிடம் மிச்சம் இருக்காது. பின்னால் முப்பது பேர் மழையில் நிற்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம் இரவு பஸ் ஓட்டுபவர்களுடைய பாதுகாப்பு. பக்கத்தில் காசுப் பெட்டியை வைத்துக்கொண்டு நடுச்சாமத்தில் தனியாக ஓட்டுவது எப்படி இருக்கும் என்று, டில்லுக்குப் பின்னால் இருபது வருடம் நின்ற எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசு ஏழைகளின் நண்பன் என்று நாங்கள் சும்மா சொல்லிக்கொள்கிறோம். 2014 இல், காசு நிற்பதற்குச் சற்று முன், ஒய்ஸ்டரில் பஸ் கட்டணம் 1 பவுண்ட் 45 பென்ஸ். அதே பயணத்துக்குக் காசு கொடுத்தால் 2 பவுண்ட்ஸ் 40 பென்ஸ். 95 பென்ஸ் கூட. கார்ட் இல்லாதவன் ஒவ்வொரு முறையும் தண்டம் கட்டிக்கொண்டுதான் ஏறினான். அந்தப் பழைய நாட்களை நினைத்து நான் அழத் தயாரில்லை.

ஆனால் நூற்றில் ஒன்று என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறதே தவிர, லண்டன் பஸ்களில் அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 200 கோடிக்கு மேல் பயணங்கள். அதில் நூற்றில் ஒன்று என்றால் 2 கோடிக்கு மேல். அந்தப் பயணங்களைச் செய்தவர்கள் எங்கே போனார்கள்? அதில் ஒரு பகுதி எங்களுடைய கடைகளுக்குத்தான் வந்தது.

கவுண்டருக்கு வருபவர்கள்

லண்டனில் ஏறத்தாழ 4,000 சின்னக் கடைகளில் ஒய்ஸ்டர் டொப்-அப் செய்யலாம். வாசலில் நீலச் சின்னம் ஒட்டியிருக்கும். அந்தக் கடைகளில் எத்தனை எங்கள் ஆட்களுடையவை என்று யாரும் எண்ணியதில்லை. ஆனால் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், ஹரோ, வெம்பிளிப் பக்கம் நடந்து பாருங்கள், தெரியும். பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்ட காசு எங்கள் கவுண்டரில் ஏறி நின்றது. கமிஷன் சில பென்ஸ்தான். அதை நம்பி யாரும் கடை நடத்துவதில்லை. டொப்-அப் செய்ய வருபவர் ஒரு பாலோ பாணோ வாங்குவார் என்பதுதான் கணக்கு.

ஆகவே காசோடு வருபவர்கள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வரும் அம்மாமார். மகன் கையில் கொடுத்த பத்துப் பவுண்ட்ஸ் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருப்பார்கள். கோயிலுக்குப் போக வேண்டும். லண்டன்வாசிகளுக்கு 60 வயதில் கிடைக்கும் இலவசப் பயண அட்டை இவர்களுக்குக் கிடையாது.

விடிய நான்கு மணிக்கு அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போகிறவர்கள். இவர்களில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், ஆபிரிக்கர்கள், தென் அமெரிக்கர்கள், வங்காளிகள் இருக்கிறார்கள். பலரிடம் வங்கி அட்டை இருக்கிறது, ஆனாலும் ஒய்ஸ்டரில்தான் போடுகிறார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்." வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துகொண்டு போனால், மாதக் கடைசியில் வாடகைக்குக் கை வைக்கும்போதுதான் தெரிகிறது. கையில் உள்ள காசைப் பிரித்து வைத்துச் செலவு செய்து பழகியவர்களுக்கு இது பிடிவாதம் அல்ல, அவர்களுடைய வீட்டுக் கணக்குப் புத்தகமே அதுதான்.

பிறகு புகலிடம் கேட்டு வந்தவர்கள். சாப்பாடு தரும் ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு 2024 இல் அரசு கொடுத்த உதவி வாரத்துக்கு 8 பவுண்ட்ஸ் 86 பென்ஸ். அதுவும் ஒரு அட்டையில்தான் வரும். 1.75 கட்டணத்தில் அது ஐந்து பஸ் பயணம், மிச்சம் 11 பென்ஸ். சட்டத்தரணியிடம் போய் வர இரண்டு. வைத்தியரிடம் போய் வர இரண்டு. ஐந்தாவதில் போனால் திரும்பி வர நடக்க வேண்டும். ஒருவரிடம் ஒய்ஸ்டர் கார்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கார்டுக்குத் திருப்பித் தரக்கூடிய வைப்புப் பணமாக 3 பவுண்ட்ஸ் வாங்கினார்கள், 2011 இல் அது 5 ஆனது, 2022 செப்டம்பரில் 7 பவுண்ட்ஸ் ஆனது. இப்போது அது வைப்புப் பணமும் அல்ல, கட்டணம். திரும்பாது. 2024 இன் 8.86 இல் அன்றைய 7 போனால் மிச்சம் 1.86. அந்தக் கிழமைக்கு ஒரு பயணம்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர், தெரு, வயது எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு பெண். மாதத்தில் இரண்டு முறை வருவார். ஐந்து பவுண்ட்ஸ், எப்போதும் சில்லறையாக. சாமான் வாங்கிய மிச்சத்தில் சேர்த்தது என்று பார்த்தாலே தெரியும். ஒருநாள் நான் பகிடியாகக் கேட்டேன், "அக்கா, இப்ப எல்லாரும் பாங்க் கார்டைத்தானே தட்டினம், நீங்கள் ஏன் இந்தக் கஷ்டப்படுறியள்?"

"கார்டில போனா அவருக்குப் போனில வந்திடும் தம்பி."

அவர் போவது பக்கத்து நகரசபை நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்புக்கு. அதற்குப் பிறகு நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. பேசாமல் எண்ணிப் போட்டுவிடுவேன். வேகம், வசதி, மிச்சம் என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருப்பார்களா? வங்கி அட்டையைத் தட்டும்போது எங்கே, எப்போது என்பது எழுதப்படுகிறது. எங்களில் பெரும்பாலானோருக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஒருசிலருக்கு அது வாசல் கதவு.

மகளின் கேள்வி

இதையெல்லாம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இந்த மண்ணில் பிறந்தவள். காசோடு பஸ் ஏறிய ஞாபகமே அவளுக்கு இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நீங்களே காசு வேண்டாம் என்றுதானே புறுபுறுக்கிறீங்கள்? போன கிழமை சில்லறைப் பையைத் தூக்கிக்கொண்டு போய் அரை நாள் லைனில் நின்றீங்கள். பஸ் டிரைவர் மட்டும் ஏன் அதைச் செய்ய வேணும்?"

உண்மை. எங்கள் தெருவில் இருந்த வங்கிக் கிளை மூடிப் பல வருடமாகிறது. டில்லில் சேரும் காசைத் தபாலகத்துக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். சில்லறையை நிறம் நிறமான பைகளில் எண்ணிப் போட வேண்டும். வாடிக்கையாளர் போனைத் தட்டிவிட்டுப் போனால் எனக்கு அந்த வேலை மிச்சம். அந்த வசதியை நான் அனுபவித்துக்கொண்டு, பஸ்காரர்கள் காசு வாங்க வேண்டும் என்று வாதாடுவது நியாயமில்லை.

அவளும் ஒரு கதை சொன்னாள். இவ்வளவு நாளும் எங்களிடம் சொல்லாத கதை. முதலாம் வருடத்தில் ஒரு இரவு சிநேகிதி வீட்டிலிருந்து வரும்போது போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. வங்கி அட்டையும் போனுக்குள்தான். "எப்பவும் கையில் இருபது பவுண்ட்ஸ் வைத்திரு" என்று நான் கொடுத்த தாள் மட்டும் பத்திரமாக இருந்தது. பஸ்ஸில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தரிப்பிடத்தில் நின்ற வயதான பெண் ஒருவர் தன் வங்கி அட்டையைத் தனக்குத் தட்டிவிட்டு, கைப்பையிலிருந்த ஒய்ஸ்டரை இவளுக்குத் தட்டினாராம். இவள் இருபது பவுண்ட்ஸை நீட்ட, மிச்சம் இல்லை, வேண்டாம் என்று சிரித்தாராம்.

"அப்ப நீயும் அந்தப் பெடியனும் ஒன்றுதான்" என்றேன்.

"இல்லை அப்பா. எனக்கு ஒரு இரவு. அவனுக்கு ஒவ்வொரு நாளும்."

என்னைவிட அவள் சரியாகச் சொன்னாள். 2019 இல் பிரித்தானியாவில் காசுப் பயன்பாடு பற்றி நடந்த சுயாதீன ஆய்வு ஒன்று, காசு இல்லாத சமூகத்தில் சமாளிக்கக் கஷ்டப்படுவோர் 80 லட்சம் பெரியவர்கள், அதாவது நூற்றுக்குப் 17 பேர் என்று சொன்னது. அதில் எல்லாரும் முதியவர்கள் அல்ல. வறுமைதான் வயதைவிடப் பெரிய காரணம் என்பதும் அதில் இருந்தது.

இந்த வித்தியாசம் கட்டணத்துக்குள்ளும் ஒளிந்திருந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை எத்தனை முறை போனாலும் ஒரு அளவுக்கு மேல் கழியாத வாராந்த உச்சவரம்பு, வங்கி அட்டை தட்டியவர்களுக்கு 2014 இலேயே கிடைத்தது. ஒய்ஸ்டரில் காசு போட்டுப் போனவர்களுக்கு அது முழுமையாக 2021 செப்டம்பரில்தான் வந்தது. ஏழு வருடம். அதுவரை அவர்கள் வாரப் பாஸை முன்கூட்டியே முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கூடக் கட்ட வேண்டும். மொத்தமாகக் கொடுக்கப் பணம் இல்லாதவன்தான் அன்றன்றைக்குப் போடுகிறான் என்பது அந்த ஏழு வருடமும் யாருக்கும் அவசரமாகப் படவில்லை.

மற்ற நகரங்களில்

ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சியோடு கதைக்கும்போது இதைப் பற்றிக் கேட்டேன். டொரோண்டோவில் இன்றும் பஸ்ஸில் சில்லறையைப் பெட்டிக்குள் போட்டு ஏறலாம். மிச்சம் தரமாட்டார்கள், சரியாகப் போட வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த கட்டணத்தின்படி பெரியவர்களுக்குக் காசில் 3 டொலர் 35 சதம், பிரெஸ்டோ அட்டையில் 3 டொலர் 30 சதம். ஐந்து சதம்தான் வித்தியாசம், நல்ல ஊர் என்று நினைத்தேன்.

"ஐஞ்சு சதத்தைப் பார்க்காதேங்கோ அண்ணா" என்றாள். அட்டையில் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை முறையும் இறங்கி ஏறலாம். இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு அதே கட்டணத்தில் திரும்பியும் வரலாம். காசு போட்டவருக்குக் கடதாசித் துண்டு ஒன்று தருவார்கள். அது ஒரு திசையில், இடையில் நிற்காமல் போகும் பயணத்துக்கு மட்டும். கடையில் இறங்கினால் திரும்பி வர இன்னொரு 3.35. அங்கே காசை வாங்குகிறார்கள், ஆனால் அந்தக் காசு வாங்கித் தருவது குறைவு. லண்டனில் ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம் என்ற ஹொப்பர் முறை, ஒய்ஸ்டருக்கும் வங்கி அட்டைக்கும் ஒரே மாதிரி. அந்த விஷயத்தில் எங்கள் ஊரே பரவாயில்லை.

சிங்கப்பூரில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. 2024 ஜனவரியில், பழைய வகைப் பயண அட்டைகளை ஜூன் மாதத்திலிருந்து நிறுத்திப் பயணிகளைப் புதிய சிம்ப்ளிகோ முறைக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். புதிய முறையில் கட்டணம் எவ்வளவு கழிந்தது, அட்டையில் எவ்வளவு மிச்சம் என்பது வாசலில் உள்ள மிஷினில் தெரியாது, பெரும்பாலும் போனில்தான் பார்க்க வேண்டும். மக்கள், முக்கியமாக வயதானவர்கள், விடவில்லை. இரண்டு வாரம் முடிவதற்குள் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டொலர் செலவாகும் என்று அமைச்சர் சொல்லியும் தொடர்ந்தார்கள்.

என் கவுண்டரில் துப்புரவு வேலைக்காரர் சொன்னதையேதான் சிங்கப்பூர் முதியவர்களும் சொன்னார்கள்: எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அங்கே அதைக் கேட்க ஆள் இருந்தது.

என்ன செய்யலாம்?

லண்டன் பஸ்ஸில் மறுபடியும் காசு வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலம் போய்விட்டது, அது நல்ல காலமும் அல்ல. காசு பஸ்ஸுக்குள் வரத் தேவையில்லை. ஆனால் காசை வைத்திருப்பவன் பஸ்ஸுக்குள் வர வேண்டும். இரண்டும் வேறு.

முதலாவது, கார்டுக்கு வாங்கும் பணம். வங்கி அட்டை உள்ளவர் ஒரு சதமும் கூடக் கொடுக்காமல் தட்டிவிட்டுப் போகிறார். அது இல்லாதவர் மட்டும் பஸ் ஏறுவதற்கு முன்பே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. குறைந்தது, பழையபடி திருப்பிக் கொடுக்கும் வைப்புப் பணமாகவாவது அது இருக்க வேண்டும்.

இரண்டாவது, இரவு. கடைகள் பூட்டிய பிறகும் பஸ் ஓடுகிறது. பெரிய பஸ் நிலையங்களில் காசு எடுக்கும் டொப்-அப் மிஷின் ஒன்று விடிய விடிய வேலை செய்தால், டகன்ஹாமுக்கு யாரும் நடக்க வேண்டி வராது.

மூன்றாவது, ஏற்கெனவே உள்ள விதிகள் எங்கள் ஆட்களுக்குத் தெரிய வேண்டும். இது எங்களுடைய வேலை. ஒய்ஸ்டரில் கட்டணத்துக்குப் போதாத மீதி இருந்தாலும் பஸ்ஸில் இன்னும் ஒரு பயணம் போகலாம், அடுத்த டொப்-அப்பில் அது கழிபடும். 2014 இல் காசை நிறுத்தியபோதே கொண்டுவந்த ஏற்பாடு இது. அன்றைக்கு அந்தப் பெடியனுடைய 'இன்னும் ஒரு பயணம்' வரும்போதே முடிந்துவிட்டிருந்தது. ஆபத்தான நிலையில் இருக்கும் ஒருவரை, கட்டணம் இல்லாவிட்டாலும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று சாரதிகளுக்கு வழிகாட்டல் இருக்கிறது. இரவில் தனியாக நின்ற என் மகள் கேட்டிருந்தால் ஏற்றியிருக்கக்கூடும். அவளுக்கு அது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. சில அரச உதவிப் பணங்களைப் பெறுபவர்களுக்குப் பஸ்ஸில் பாதிக் கட்டணத்துக்கு ஒரு படம் ஒட்டிய அட்டை உண்டு. 60 வயது தாண்டிய லண்டன்வாசிகளுக்கு இலவச அட்டை உண்டு, ஓய்வூதிய வயது வந்தால் ஃப்ரீடம் பாஸ் உண்டு. இவற்றுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் இணையத்தில். அம்மா அப்பாவுக்காக அதை நிரப்பிக் கொடுக்கக்கூடியவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான். ஒரு சனிக்கிழமை அரை மணித்தியாலம் போதும்.

நாலாவது, எங்களைப் போன்ற கடைக்காரர்கள். நீலச் சின்னத்தை வாசலில் ஒட்டியிருக்கிறோம். ஐந்து பவுண்ட்ஸ் சில்லறையோடு வருபவரைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். நான் சுளித்திருக்கிறேன். கூட ஏதாவது வாங்கினால்தான் டொப்-அப் என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்க எங்களுக்கு என்ன நியாயம்? பஸ் காசை வாங்க மறுத்த பிறகு, அந்தக் காசு செல்லும் கடைசி இடங்களில் ஒன்று எங்கள் கவுண்டர். அங்கேயும் இல்லை என்றால் அந்த மனிதனுக்கு அவன் உழைத்த காசு வெறும் உலோகம்.

இப்போது என் கடையில் டொப்-அப் மிஷினைத்தான் கடைசியாக நிறுத்துகிறேன். ஷட்டரை இறக்குவதற்கு முன் வெளியே தரிப்பிடத்தில் யாரும் நிற்கிறார்களா என்று ஒருக்கா எட்டிப் பார்க்கிறேன். மகள் ஒரு யோசனை சொன்னாள். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள், வேறு நகரத்துக்கு மாறுகிறவர்கள் ஒய்ஸ்டர் கார்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் இரண்டு மூன்று பவுண்ட்ஸ் கிடக்கும். பெயரில் பதியாத அந்தக் கார்ட்களை விரும்பினால் எங்களிடம் தந்துவிட்டுப் போகலாம் என்று கவுண்டரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டு எழுதி ஒட்டினாள். ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆறு மாத விசாவில் வந்த ஒரு அம்மா, திரும்பிப் போகும் கிழமையில் தன்னுடையதைக் கொண்டுவந்து தந்தார். "இன்னும் நாலு பவுண்ட்ஸ் கிடக்கு தம்பி, ஆருக்கும் உதவும்" என்றார். கார்டே இல்லாமல் வருபவர்களுக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம்.

டகன்ஹாம் பெடியன் போன வருடம் வங்கிக் கணக்குத் திறந்துவிட்டான். இப்போது போனைத் தட்டுகிறான், டொப்-அப்புக்கு வருவதில்லை. ஒருநாள் பால் வாங்க வந்தபோது தன் பழைய ஒய்ஸ்டரை டின்னில் போட்டுவிட்டுப் போனான். எவ்வளவு இருக்கிறது என்று மிஷினில் வைத்துப் பார்த்தேன். பத்துப் பவுண்ட்ஸ். வருவதற்கு முன் வேறு எங்கோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.